மூட்டை சிறுத்தது, பீரோ சிறுக்கவில்லை: காவிரி டெல்டாவில் வீடு, அலுவலக இடமாற்றத் தொழிலாளரின் உடல்நலப் பாதுகாப்பு

காவிரி டெல்டாவில் சுமை தூக்கும் தொழில் என்றதும் நெல் மூட்டையே நினைவுக்கு வருகிறது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலும், கிடங்குகளிலும், வெளி மாவட்டங்களுக்கு அரவைக்காக நெல் அனுப்பப்படும் தஞ்சாவூர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டிலும் நடைபெறும் அத்தொழிலுக்குச் சங்கங்கள் உண்டு, மூட்டைக்கு இவ்வளவு என்ற கூலி விகிதம் உண்டு, அதைக் குறித்த போராட்டங்களும் உண்டு. அதே ஊர்களில் வீடு மாற்றுபவர்களின் பீரோவையும் கட்டிலையும் மாடிப்படி வழியே இறக்கி மினி லாரியில் ஏற்றும் வேலையோ, பெரும்பாலும் மூட்டை தூக்கிப் பழகிய லோடுமேன்களே அதைச் செய்தபோதிலும், தொழிற்பாதுகாப்புப் பற்றிய ஆய்வுகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. மூட்டைக்குப் பயன்பட்ட பாதுகாப்பு முறை, அதாவது எடைக்கு ஒரு வரம்பு கட்டி அந்த வரம்புக்குள் பொருளையே சிறிதாக்கும் முறை, வீட்டுச் சாமானுக்கு அப்படியே பொருந்தாது என்பதும், ஆகவே இத்தொழிலில் தடுப்பு நடவடிக்கை சாமானைப் பிரிக்கும் விதத்திலும் வேலை நடக்கும் நேரத்திலும் வேலைக்கு அமர்த்தும் ஒப்பந்தத்திலும் தொடங்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மூட்டை. விளைச்சலைக் கணக்கிடும்போது டெல்டா விவசாயிகள் இன்றும் 60 கிலோ மூட்டையை அளவாகச் சொல்வதுண்டு. ஒரு வயதுவந்த ஆண் தூக்கும் சுமை 55 கிலோவை மிஞ்சுமானால் அதைக் குறைக்க முயல வேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் தன் 128ஆம் பரிந்துரையில் கூறியது. அதனோடு சேர்ந்து வந்த 127ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை. ஆயினும் உணவு தானியத்துக்கு 50 கிலோ சணல் சாக்கு நாடெங்கும் தரநிலையாயிற்று, தமிழகக் கொள்முதல் நிலையங்களில் மூட்டை 40 கிலோவாக நிலைபெற்றது. தொழிலாளிக்குப் பயிற்சி கொடுத்தோ எச்சரிக்கைப் பலகை வைத்தோ இந்த மாற்றம் வரவில்லை. சாக்கின் அளவு மாறியதால் வந்தது. சுமையின் மொத்த அளவை அது குறைக்கவில்லை என்பதையும் மறக்கலாகாது. 2,000 டன் நெல்லை ரயிலில் ஏற்ற வேண்டுமென்றால் அது 50,000 மூட்டை. நிலையத்திலிருந்து லாரிக்கும், லாரியிலிருந்து கிடங்கில் மூட்டைகளை அடுக்கும் அட்டிக்கும், அட்டியிலிருந்து மீண்டும் லாரிக்கும் வேகனுக்குமாக ஒவ்வொரு மூட்டையும் பலமுறை ஒருவர் தலையிலோ முதுகிலோ ஏறி இறங்குகிறது. எனினும் ஒரு தூக்கலின் கொடுமை குறைந்தது. எந்த ஆள் தூக்கினாலும் எந்த நாளில் தூக்கினாலும் அந்தக் குறைவு நிலைத்து நிற்கிறது.

வீட்டுச் சாமானில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஆறரை அடி உயரமும் மூன்றடி அகலமும் உள்ள இரும்பு பீரோவை 40 கிலோத் துண்டுகளாக யாரும் விற்பதில்லை. அதைவிட முக்கியமானது, அதன் ஆபத்து எடையில் மட்டும் இல்லை என்பது. அமெரிக்கத் தேசியத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1991இல் திருத்தியமைத்த தூக்குச் சமன்பாடு, எல்லா நிலைமைகளும் சாதகமாக இருக்கும்போது பரிந்துரைக்கத்தக்க உச்ச எடையாக 23 கிலோவைக் கொண்டு தொடங்கி, ஒவ்வொரு பாதகத்துக்கும் அதைக் குறைத்துக்கொண்டே செல்கிறது. சுமையைப் பற்றிய கை உடலிலிருந்து 25 செ.மீ. தொலைவில் இருந்தால் குறைப்பு இல்லை, 50 செ.மீ. தள்ளிப்போனால் அனுமதி பாதியாகி 11.5 கிலோவாகிறது, உடலைத் திருப்பித் தூக்கினாலோ, பிடிமானம் சரியில்லாவிட்டாலோ மேலும் குறைகிறது. இச்சமன்பாடு இரு கைகளால் நின்ற இடத்தில் தூக்குவதற்கு வகுக்கப்பட்டதேயன்றித் தலைச்சுமைக்கோ படியேற்றத்துக்கோ அன்று. ஆகவே அதன் எண்ணை அப்படியே டெல்டாவுக்குக் கொண்டுவருவது முறையாகாது. ஆனால் அது உணர்த்தும் உண்மை இங்கும் செல்லும். மூட்டை உடலோடு ஒட்டி அமர்கிறது. சும்மாடு வைத்தால் தலையின் மேல் நேராக நிற்கிறது. பீரோவும் குளிர்சாதனப் பெட்டியும் உடலை நெருங்கவிடாமல் அகன்று நிற்பதால், அவற்றின் எடை நெம்புகோல் விதிப்படி பெருகி, முள்ளெலும்புகளுக்கு இடையே அதிர்வைத் தாங்கும் குருத்தெலும்பு வட்டுகளின் மேல் இறங்குகிறது. படியில் பீரோவைச் சாய்த்து இருவர் அடிவிளிம்பைப் பற்றி இறக்கும்போது அதன் எடைமையம் கீழே நிற்பவரை நோக்கி நகர்வதால் பாதிக்கும் மேற்பட்ட சுமை அவர்மீது விழுகிறது. கால் இடறினால் முழுப் பொருளும் அவர்மீதே சாய்கிறது.

மறைந்திருக்கும் எடை இன்னொரு சிக்கல். முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரத்தினுள் அதிர்வைக் கட்டுப்படுத்தக் கான்கிரீட் கட்டி பொருத்தப்பட்டிருப்பதால் அதன் எடை ஒருபுறமாக ஒதுங்கியிருக்கும். மின்வெட்டுக்குப் பழகிய டெல்டா வீடுகளில், குறிப்பாக 2018 நவம்பரில் வீசிய கஜா புயலுக்குப்பின் பல நாள்கள் இருளில் கிடந்த பகுதிகளில், இன்வெர்ட்டர் ஆடம்பரப் பொருளாகக் கருதப்படுவதில்லை. அதன் மின்கலம் உருவில் சிறியது, எடையில் நெல் மூட்டையை மிஞ்சக்கூடியது, உள்ளே இருப்பது கந்தக அமிலம். நிமிர்ந்த நிலையிலேயே எடுத்துச்செல்ல வேண்டிய அதை மற்றச் சாமான்களோடு சாய்த்து அடுக்குவதால் தோலும் கண்ணும் வெந்துபோகும் வாய்ப்பு உண்டாகிறது. சுமையை ஏற்கும் ஆளுக்கு அதனுள் என்ன இருக்கிறது என்று சொல்வது எந்த உபகரணமும் இன்றி இன்றே செய்யக்கூடிய பாதுகாப்பு. அது செய்யப்படாமல் இருப்பதற்கு மன்னிப்பே இல்லை.

எடையோடு நாள்காட்டியும் சேர்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் குடிபோவதில்லை என்ற வழக்கத்தால் தேவை முழுவதும் அடுத்துவரும் ஆவணியிலும் தையிலும், பள்ளி விடுமுறையும் பணி மாறுதலும் கூடும் மே மாதத்திலும் குவிகிறது. தையில் சம்பா அறுவடை தொடங்கிக் கொள்முதல் நிலையங்கள் நிரம்புகின்றன. ஒரே உடலை நெல்லும் வீட்டுச் சாமானும் ஒரே மாதத்தில் கேட்கின்றன. மே மாதமோ கத்திரி வெயில். முகூர்த்த நேரத்தில் பால் காய்ச்ச வேண்டுமென்பதால் முந்தின இரவே சாமான் கட்டி, விளக்கு வெளிச்சம் எட்டாத படிகளில் இறக்கப்படுவதும் உண்டு. தஞ்சாவூரின் நான்கு ராஜ வீதிகளை ஒட்டிய சந்துகளில் லாரி நுழைய முடியாதபோது, வாசலிலிருந்து வண்டிவரை நடக்கும் தூரம் தனிச் சுமையாகிறது. அந்தத் தூரத்தைக் கூலி பேசும்போது எவரும் அளப்பதில்லை. தொழிற்பாதுகாப்பு ஆய்வுகள் பெரும்பாலும் தூக்கும் முறையைப் பற்றியே பேசிக் களைப்பையும் அவசரத்தையும் இரண்டாமிடத்தில் வைக்கின்றன. இத்தொழிலைப் பொறுத்தவரை அந்த வரிசையைத் திருப்பிப்போட வேண்டும். ஏனெனில் சரியாகத் தூக்கத் தெரிந்த ஆளும் நாளின் நான்காம் வீட்டில், வண்டிக்காரர் அடுத்த நடைக்கு அவசரப்படுத்தும்போது, சரியாகத் தூக்குவதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்ற கேள்வி இங்கு எழுகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் விளைவிக்கத்தக்க சுமையைத் தூக்கச் செய்யக்கூடாது என்றது. ஆனால் அது தொழிற்சாலைக்குள் மட்டும். அதன் இடத்தைப் பிடித்துள்ள 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புத் தொகுப்பும் பொதுவாகப் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனத்தையே நோக்குகிறது. நான்கைந்து பேராகச் சேர்ந்து, காலையில் ஒரு வீட்டுக்கும் மாலையில் வேறொரு வீட்டுக்கும் போகும் குழு அந்த வரையறைக்குள் வருவதில்லை. சுமைதூக்குவோருக்கென்றே எழுந்த சட்டங்களும் வீட்டு வாசலில் நின்றுவிடுகின்றன. மகாராஷ்டிரத்தின் 1969ஆம் ஆண்டு மாத்தாடித் தொழிலாளர் சட்டத்துக்குப் பின்னர், 1978இல் கேரளம் இயற்றிய தலைச்சுமைத் தொழிலாளர் சட்டம், தனிநபர் ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காக அமர்த்தும் ஆளைத் தன் வரையறையிலிருந்தே விலக்கியது. வீட்டுக்காரரை முதலாளியாக்கி வழக்குமன்றத்துக்கு இழுப்பது நியாயமன்று என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்திருக்கலாம்; அந்த எண்ணம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் அதன் விளைவாக, ஒரே ஆள் கடைச் சரக்கை இறக்கும்போது தொழிலாளியாகவும் வீட்டுச் சாமானை இறக்கும்போது வெறும் உதவிக்கு வந்தவராகவும் ஆகிவிடுகிறார்.

தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், அதன்கீழ் 1999இல் அமைந்த நலவாரியமும் வேறு வழியில் சென்றன. முதலாளியைத் தேடாமல் தொழிலாளியைப் பதிவு செய்து, விபத்து மரணத்துக்கு நிதியும் 60 வயதுக்குப்பின் ஓய்வூதியமும் வழங்கும் அம்முறை நிலையான பணியிடம் இல்லாத இத்தொழிலுக்கு நன்கு பொருந்துகிறது. அதன் மதிப்பைக் குறைத்துக் கூறலாகாது. இருப்பினும் அது உடல் முறிந்தபின் வரும் உதவி. 1952ஆம் ஆண்டுத் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்திலிருந்தும் 1969ஆம் ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டத்திலிருந்தும் பார்த்தால், டெல்டாவின் தொழிலாளர் உரிமை வரலாறு வேலையின் நிலைப்பையும் கூலியையும் மையமாகக் கொண்டே வளர்ந்தது. முதுகெலும்பு கோரிக்கைப் பட்டியலில் ஏறவில்லை.

தடுப்புக்குச் செலவாகும், நடுத்தரக் குடும்பம் அதைத் தாங்காது என்ற மறுப்பு உண்டு. சக்கரத் தள்ளுவண்டி, தோள் வார், பிடிப்புள்ள காலணி ஆகியவை ஒரு குழு பல ஆண்டு பயன்படுத்தக்கூடியவை. பீரோவின் தட்டுகளைக் கழற்றி உள்ளிருப்பவற்றை முன்கூட்டியே அகற்றி வைப்பதற்குச் செலவே இல்லை. உண்மையான தடை, முன்னதாக வந்து படியையும் சாமானையும் பார்த்துக் கூலி பேசும் வழக்கம் இல்லாமையே. ‘ஒரு லோடு’ என்று மொத்தமாகப் பேசப்படும் கூலி, வேகமாக முடிப்பவருக்கே ஆதாயம் தருகிறது. மாடிக்கும் தூரத்துக்கும் தனிக் கூலி என்று சங்கங்கள் வரையறுத்தால் கூடுதல் ஆளைச் சேர்க்க இடம் கிடைக்கும்.

வீட்டைவிட அலுவலக இடமாற்றத்தில் மாற்றத்தைத் தொடங்குவது எளிது. பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினமும், பெரும்பகுதி நாகையிலிருந்து 1997இல் திருவாரூரும், நாகையிலிருந்தே 2020இல் மயிலாடுதுறையும் பிரிந்தபோது பதிவேடுகளும் இடம்பெயர வேண்டியதாயிற்று. 500 தாள் கொண்ட ஒரு ஏ4 கட்டு ஏறத்தாழ 2.5 கிலோ, பத்துக் கட்டு அளவு கோப்புகள் 25 கிலோவை எட்டிவிடும் என்பதால், கைக்குக் கிடைத்த பெரிய அட்டைப்பெட்டி நிறையக் கோப்பு அடைப்பது மூட்டையை மீண்டும் பெரிதாக்குவதாகும். இங்கே அமர்த்துபவர் அரசு; விலைப்புள்ளி கோருவதும் அரசே. பெட்டியின் அளவுக்கு வரம்பு, மின்கலத்துக்கும் இரும்பு அலமாரிக்கும் தனிக் குறிப்பு, பகல் நேர வேலை, நலவாரியத்தில் பதிவுபெற்ற ஆள்கள், ஒப்பந்தத்துக்கு முன் படிகளை நேரில் பார்வையிடுதல் ஆகியவற்றை விலைப்புள்ளி நிபந்தனைகளாகச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. சாக்கின் அளவைக் கொள்முதல் அமைப்புகள் நிர்ணயித்ததைப் போலவே, கோப்புப் பெட்டியின் அளவை நிர்ணயிக்கும் அதிகாரமும் இடம்மாறும் அலுவலகத்தின் கையிலேயே இருக்கிறது.