கீழிருந்து சூடா, மேலிருந்து சூடா?

2014-இல் புதுச்சேரி வீடுகளுக்கு 7 வாட் எல்.இ.டி. பல்பு 10 ரூபாய்க்குக் கிடைத்தது. நாடு தழுவிய எல்.இ.டி. திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்ததே 2015 ஜனவரியில்தான். அந்த வகையில் வில்லியனூர், பாகூர் கொம்யூன் ஊர்களின் திண்ணைகளுக்கு இந்த வெளிச்சம் முன்கூட்டியே வந்துவிட்டது. பல்பு வந்தால் பின்னாலேயே பழுதும் வரும். அதைக் கழற்றிச் சரிசெய்யும் கை ஊரிலேயே இருந்தால் குப்பையும் குறையும், ஓர் இளைஞருக்குப் பிழைப்பும் ஆகும்.

அணைந்துபோன பல்பின் மூடியைத் திருகி எடுத்தால் உள்ளே வெள்ளைத் தகடு ஒன்று தெரியும். அதில் அரிசி மணியளவு மஞ்சள் எல்.இ.டி. சில்லுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். 2.8 மில்லிமீட்டருக்கு 3.5 மில்லிமீட்டர் என்பதால் 2835 என்று பெயர். அவற்றுள் ஒன்றின் நடுவில் மிளகுப் பொட்டுபோல ஒரு கரும்புள்ளி இருந்தால் அதுதான் கருகியது. தொடரிணைப்பு என்பதால் ஒன்று போனாலே எல்லாம் இருட்டு. அதை எடுத்துவிட்டுப் புதியதைப் பதிக்க இரண்டு வழி உண்டு: மேலிருந்து சூடு தரும் சால்டரிங் அயர்ன், கீழிருந்து சூடு தரும் ஹாட் பிளேட்.

அயர்ன் வழி எல்லோருக்கும் பழகியது. ஒரு முனையில் துளி ஈயம் வைத்து, எல்.இ.டி.யைச் சாமணத்தால் பிடித்து, ஈயத்தை உருக்கி உட்கார வைத்து, பிறகு மறுமுனையைப் பற்றவைப்பார்கள். பச்சை நிற ஃபைபர் போர்டில் இது அழகாக நடக்கும். ஃபைபர் சூட்டை வேகமாகக் கடத்தாது என்பதால் முனைக்கு இரண்டு மூன்று வினாடி போதும்.

பல்புக்குள் இருப்பதோ பெரும்பாலும் அலுமினியத் தகடு. எரியும் எல்.இ.டி.யின் சூட்டை இழுத்து வெளியேற்றவே அதை வைத்திருக்கிறார்கள். பற்றவைக்கும்போது அயர்னின் சூட்டையும் அது அப்படியே இழுத்துவிடும். 25 வாட் அயர்னில் ஈயம் பரவாமல் உருண்டையாகத் திரண்டு நிற்கும். பற்றவைப்பவர் இன்னும் அழுத்துவார், இன்னும் நேரம் பிடிப்பார். எல்.இ.டி.யின் மஞ்சள் முகம் மென்மையான சிலிகோன். அதனுள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஓடுகிறது. சாமணம் அங்கே அழுந்தினால் கம்பி விட்டுப்போகலாம். அப்படிப் பாதி அறுந்தது அன்றைக்கு எரிந்துவிட்டு, சில நாளில் மினுக்கத் தொடங்கும்.

ஹாட் பிளேட்டில் தகடு முழுவதும் ஒரே சீராகக் காய்கிறது. சாம்பல் நிற சால்டர் பேஸ்ட்டைத் தடவி, எல்.இ.டி.யை மேலே வைத்தால் போதும். வழக்கமான பேஸ்ட்டில் ஈயம் 63, வெள்ளீயம் 37 என்று தலைகீழாகச் சிலர் சொல்வார்கள். வெள்ளீயம்தான் 63 பங்கு. அந்தக் கலவை 183 டிகிரியில் உருகும். பிஸ்மத் கலந்த பேஸ்ட்டுக்கு 138 டிகிரியே போதும். மங்கலாக இருந்த பேஸ்ட் சட்டென்று பளபளக்கும் அந்த நொடியைக் கவனித்துப் பாருங்கள். சற்றுக் கோணலாக வைத்த எல்.இ.டி. தானே நகர்ந்து நேராக உட்காரும். உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை செய்யும் வேலை அது. தொழிற்சாலையின் ரீஃப்ளோ அடுப்பும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது.

இன்னொன்றும் உண்டு. டார்ச், தெருவிளக்கு ஆகியவற்றில் வரும் அதிக வாட் எல்.இ.டி.களுக்கு வயிற்றுப் பக்கத்தில் சூடு இறங்கும் பட்டை இருக்கும். அயர்ன் முனை அங்கே எட்டாது. அந்தப் பட்டை ஒட்டாவிட்டால் எல்.இ.டி. தன் சூட்டிலேயே செத்துவிடும்.

அதற்காக பிளேட் எல்லாவற்றுக்கும் ஆகாது. இரு பக்கமும் உதிரிகள் இருக்கும் போர்டை அதன்மேல் வைக்க முடியாது. பிளாஸ்டிக் இணைப்பான்கள் இளகிவிடும். நன்றாக இருக்கும் எல்.இ.டி.களும் சேர்ந்து காயும். நம்முடையது கடற்காற்று ஊர். உறை பிரித்து நாள்கணக்கில் வெளியே கிடந்த எல்.இ.டி. ஈரம் உறிஞ்சியிருக்கும், திடீர்ச் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி உறையைப் பிளந்துவிடும். மிதமான சூட்டில் உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும். இந்த இடங்களிலெல்லாம் ஒரே ஒரு முனையை மட்டும் தொடும் அயர்ன்தான் மேல்.

செலவைப் பார்த்தால் அயர்ன் மலிவு. பிளேட் வாங்க இயலாதவர்கள் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து வேலையை முடிப்பதுண்டு. ஈயக் கலவைக்கு அந்தச் சூடு எட்டும், ஆனால் அளவு சொல்லாது. அடுப்படித் தோசைக்கல்லை மட்டும் தொடவே வேண்டாம். ஈயம் பட்ட கல்லில் பிள்ளைகளுக்குத் தோசை வார்க்கக் கூடாது.

ஆகவே என் தீர்ப்பு இது. ஃபைபர் போர்டு, இரண்டே முனை, மாற்ற வேண்டியது ஒன்றிரண்டு என்றால் அயர்ன். அலுமினியத் தகடு அல்லது வயிற்றுப் பட்டை உள்ள எல்.இ.டி. என்றால் பிளேட். எதை எடுப்பது என்பதை போர்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், கைப்பழக்கத்தைப் பார்த்து அல்ல.

தொழில் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு இரண்டையும் கற்றுக் கொடுங்கள். அதற்கும் முன்னால், பல்பை ஹோல்டரிலிருந்து கழற்றி, கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரத்தை இறக்கிவிட்ட பிறகே தகட்டில் கை வைக்கப் பழக்குங்கள்.