அயலவர் எனப்படுவோர் யார்? யாழ்ப்பாணத்துக் கூட்டுணர்வின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

'அந்தக் காலத்தில் அயலட்டை என்று ஒன்று இருந்தது. இன்று மதில்கள்தாம் இருக்கின்றன' என்னும் கூற்று யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படுவதொன்றாகும். கிடுகுவேலிப் பொட்டினூடாகக் கறியும் செய்தியும் கைமாறிய நாள்களை நினைவுகூர்வோர், இன்றைய குடியிருப்புகளில் கூட்டுணர்வு அற்றொழிந்துவிட்டது என்னும் முடிவுக்கு எளிதில் வந்துவிடுகின்றனர். இம்முடிவு உணர்வின்பாற்பட்டது, வரலாற்றின்பாற்பட்டதா என்பது ஆராயப்படல் வேண்டும்.

கூட்டுணர்வு என்பது மனிதரின் நற்குணத்திலிருந்து மட்டும் பிறப்பதன்று. மக்கள் எவ்வாறு உழைத்தனர், நிலமும் நீரும் யார் கையில் இருந்தன, எத்தகைய நிறுவனங்கள் வாயிலாக ஒன்றுகூடினர் என்பனவே அதன் வடிவத்தையும் எல்லையையும் தீர்மானிக்கின்றன. ஆகவே, கூட்டுணர்வு இன்றும் உளதா என வினவுமுன், அன்று இருந்தது எத்தகையது, அதனுள் யார் அடங்கினர், யார் அடங்கவில்லை என நாம் வினவுதல் வேண்டும்.

1. சட்டம் கண்ட அயலவர்

யாழ்ப்பாணத்திலே அயலவர் என்னும் நிலை பழக்கமாக மட்டுமன்றிச் சட்டமாகவும் ஒருகாலத்தில் விளங்கியது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1706, 1707ஆம் ஆண்டுகளில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை தொகுத்துப் பன்னிரு முதலியார்கள் சரிபார்த்த தேசவழமை, காணி விற்க முனையும் ஒருவர் முதலில் யாருக்கு அறிவித்தல் வேண்டும் என வரையறுத்தது. உரித்தாளர், பங்காளர் ஆகியோருடன், அடுத்த காணிக்குச் சொந்தக்காரராயிருந்து அக்காணியை ஈடாகவும் பெற்றிருக்கக்கூடிய அயலவரும் அவ்வரிசையில் இடம்பெற்றனர். ஊர்க்காணி அந்நியர் கைப்படாது காத்தலே இதன் நோக்கம் எனலாம். பக்கத்தில் யார் வந்து குடியிருப்பர் என்பதில் அயலவருக்கும் ஒரு சொல் இருந்தது.

ஆயின், அதே தொகுப்பில் அடிமைகள் பற்றிய விதிகளும் உள்ளன என்பதை நாம் மறத்தலாகாது. ஓரிடத்தில் அயலவரின் உரிமை பேசப்படுகின்றது. மற்றோரிடத்தில் மனிதரை மனிதர் உடைமையாகக் கொள்ளும் உரிமை பேசப்படுகின்றது. இவை ஒன்றுக்கொன்று முரணானவை என அக்காலத்தவருக்குத் தோன்றவில்லை. காணியுடையோரே அயலவராயினர், அக்காணியிலே குடியிருந்து உழைத்தவர் அயலவராகக் கொள்ளப்படவில்லை. அடிமைமுறை 1844இல் இலங்கையிற் சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னரும், குடிமை முறையும் நிலத்தின் மீதான தங்கியிருப்பும் இவ்வேறுபாட்டை நீண்டகாலம் நிலைநிறுத்தின.

காணி விற்பனையில் முதலுரிமை பற்றி 1947இல் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டம் அவ்வுரிமையைக் கூட்டுச் சொந்தக்காரருக்கும் உரித்தாளராகக் கூடியோருக்கும் மட்டுமென வரையறுத்தது. அயலவர் சட்டத்தினின்றும் மறைந்தார். புகையிலைச் செய்கையும், அரசாங்க உத்தியோகமும், மலாயாவில் உழைத்த பணமும் காணியைச் சந்தைப் பண்டமாக்கிவிட்ட சூழலிலே இம்மாற்றம் நிகழ்ந்தமை மனங்கொள்ளற்பாலது. மதில்கள் எழுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே அயலின் அடிப்படைகளுள் ஒன்று தகர்ந்துவிட்டது.

2. துலாவும் வேலியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. கமச்செய்கை கிணற்றை நம்பியது. துலா மிதிப்பவர், பட்டை பிடித்து இறைப்பவர், வாய்க்காலில் நின்று நீரைப் பாத்திக்குத் திருப்புபவர் எனப் பலர் சேர்ந்தாலன்றித் தோட்டத்துக்கு நீர் பாயாது. பங்குக் கிணறுகளில் யாருக்கு எந்நாள் இறைப்பு என்னும் முறை வகுக்கப்பட்டிருந்தது. இன்று என் தோட்டத்தில் நீ, நாளை உன் தோட்டத்தில் நான் என்ற ஒழுங்கு அன்பினால் மட்டும் எழுந்ததன்று, தேவையினால் எழுந்தது. அன்பு அத்தேவையைத் தொடர்ந்து வளர்ந்தது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

இரண்டாம் உலகப் போரை அடுத்த காலத்தில் எண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவியதும் இந்நிலை மாறியது. பலர் செய்த வேலையை ஒருவர் தனித்தே செய்ய முடிந்தது. துலா மறைந்தமை பற்றி வருந்துவோர், விடியுமுன் அதன்மீது ஏறி நடந்தவரின் கால்களையும் நினைத்தல் நன்று. உடலுழைப்பின் கொடுமை குறைந்தது. அதனுடன் கூடிப் பிறந்த உறவும் குறைந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே வரலாற்று நோக்காகும்.

வேலி பற்றியும் இவ்வாறே கூறலாம். ஆண்டுதோறும் கிடுகோ பனையோலையோ கொண்டு வேலி அடைக்கையில் இரு வீட்டாரும் ஒருங்கே நிற்க நேர்ந்தது. ஆனால் அதே வேலியின் கதியால் ஒரு சாண் தள்ளி நாட்டப்பட்டமைக்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படியேறிய குடும்பங்களையும் யாழ்ப்பாணம் அறியும். கிணற்றின் கதையோ இன்னும் கடுமையானது. ஒடுக்கப்பட்ட சாதியினர் பொதுக்கிணற்றில் தாமே அள்ள இயலாது, அள்ளி ஊற்றுவார் வரும்வரை குடத்துடன் காத்து நின்றனர். பழைய கூட்டுணர்வின் மையமாக நாம் கருதும் கிணற்றடியே அதன் எல்லைக்கோடாகவும் இருந்தது.

3. சங்கம் என்னும் புதிய வடிவம்

இருபதாம் நூற்றாண்டில் இதனின்றும் வேறான ஒரு கூட்டு வடிவம் தோன்றியது. அது பிறப்பாலன்றி அங்கத்துவத்தால் அமைவது. தலைவர், செயலாளர், பொருளாளர், கூட்டக் குறிப்பேடு, கணக்கறிக்கை என்பவற்றை உடையது. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இல் இயற்றப்பட்டது. மூளாயிலே கூட்டுறவு அடிப்படையில் ஒரு வைத்தியசாலை 1930களில் எழுந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உணவுப் பங்கீட்டின் பொருட்டுக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் ஊர்தோறும் பரவின. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றி வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த இயக்கம், சாதி வேறுபாடு களையப்படல் வேண்டும் என்பதைத் தன் கொள்கைகளுள் ஒன்றாகக் கொண்டது.

சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் பெருகின. மாலை வேளையில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்கப் பலர் கேட்பர். வானொலியும், பாலர் பாடசாலையும், கரப்பந்தாட்டத் திடலும் அவற்றைச் சார்ந்தே அமைந்தன. மரண உதவிச் சங்கங்கள் மாதச் சந்தா வாங்கி, சாவீட்டுச் செலவைப் பொதுப்பொறுப்பாக்கின. அரசாங்கத்தின் பதிவும் சிறு உதவியும் கிடைத்தனவாயினும், இவற்றை நடத்தியவர் ஊர் ஆசிரியர்களும், சிறு உத்தியோகத்தரும், இளைஞருமேயாவர். நவீன காலம் கூட்டுணர்வை அழித்தது என்போர், இவை யாவும் நவீன காலத்தின் விளைவுகளே என்பதைக் கருத்திற்கொள்வதில்லை.

இப்புதிய வடிவத்தினுள்ளும் பழைய எல்லைகள் புகுந்தன. ஒரே கிராமத்தில் குறிச்சிக்கொரு சனசமூக நிலையமாகச் சாதிவழியே அவை பிரிந்து நின்றன. எனினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. குடிமை முறையிலே ஒடுக்கப்பட்டவருக்குத் தமக்கென ஒரு மேடை இல்லை. சங்க முறையில் அவர் தமக்கெனச் சங்கம் அமைத்து, எழுதவும் பேசவும் கணக்குக் கேட்கவும் பழகினர்.

4. யார் அயலவர் என்ற போராட்டம்

பொது இடங்களிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் பாராளுமன்றத்திலே நிறைவேறியது. ஆயினும் தேநீர்க் கடைகளில் வேறு பாத்திரமும் கோயில்களில் மூடிய வாயிலும் தொடர்ந்தன. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் இதற்கு எதிரான திருப்புமுனையாயிற்று. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்தது. சங்கானையிலும் மாவிட்டபுரத்திலும் 1968இல் நிகழ்ந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் நாடறிந்தவை. இயக்கத்தில் நேரடியாக ஈடுபட்ட கே. டானியலின் நாவல்கள் இவ்வரலாற்றை இலக்கியத்திற் பதித்தன.

இப்போராட்டங்கள் ஊரின் ஒற்றுமையைக் குலைத்தன என அன்று பலர் குற்றஞ்சாட்டினர். நாம் இதனை மறுதலையாக நோக்குகின்றோம். ஒரே கடையில் ஒரே குவளையில் தேநீர் அருந்தும் உரிமை கோரியவர்கள் ஊரை உடைக்கவில்லை. ஊர் என்னும் சொல்லுக்குள் தம்மையும் சேர்க்குமாறு கேட்டனர். யாழ்ப்பாண வரலாற்றில் கூட்டுணர்வு மிக ஆழமாகப் பேசப்பட்ட தருணம் அதுவே எனலாம்.

5. இரு ஒக்டோபர்கள்

போர்க்காலம் இவ்வினாவை மேலும் கூர்மையாக்கியது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் சில மணிநேரமே. தலைமுறைகளாக ஒரே சந்தையிலும் ஒரே பள்ளிக்கூடத்திலும் பழகியவர்கள் ஒருநாளில் அயலவரல்லாதவராக்கப்பட்டனர். துயருற்ற அயலவர் இருந்தனர். தடுக்கவல்ல அயல் இருக்கவில்லை. துப்பாக்கியின் முன் மக்கள் வாய்திறக்க முடியாதிருந்தமை உண்மை. எனினும், அவ்வெளியேற்றம் பற்றிய பொது விவாதம் பின்னரும் நீண்டகாலம் அரிதாகவே நிகழ்ந்தமைக்கு அச்சம் மட்டும் போதிய விளக்கமாகாது.

சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தம் வீடுகளை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அங்கு ஒரு வீட்டிற் பல குடும்பங்கள் தங்கின. பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் திறந்தன. முன்பின் அறியாதோர் ஒரே அடுப்பிற் சமைத்தனர். கூட்டுணர்வு மடிந்துவிடவில்லை என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டியதில்லை. ஆயினும் கிணற்றடியில் பழைய வேறுபாடுகள் தலைகாட்டிய இடங்களும் இருந்தன. இடம்பெயர்ந்தோர் முகாம்களில் நீண்டகாலம் எஞ்சியோருட் பெரும்பாலார், திரும்பிச் செல்லச் சொந்தக் காணியற்ற ஒடுக்கப்பட்ட மக்களே என்பதையும் ஆய்வாளர் சுட்டியுள்ளனர்.

6. இன்றைய நிலை

போர் 2009இல் முடிவுற்ற பின் எழுந்த குடியிருப்புகளில் மதில்கள் உயர்ந்துள்ளன என்பது கண்கூடு. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஒரே தளத்தில் வாழ்வோர் மின்தூக்கியில் மட்டும் சந்திப்பதும் உண்மையே. புலம்பெயர்ந்தோரின் ஊர்ச்சங்கங்கள் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் அனுப்புகின்றன; முன்னர் ஊரவர் கூடிச் செய்த வேலை கூலிக்குச் செய்விக்கப்படுகின்றது. பணம் தருவோர் தொலைவிலிருந்து முடிவெடுக்க, ஊரிலுள்ளோர் பார்வையாளராகும் நிலையும் காணப்படுகின்றது.

இவற்றினும் கவனத்துக்குரியது நுண்கடன் முறையாகும். அயற் பெண்கள் தமக்குள் நம்பிக்கையின்பேரில் நடத்திவந்த சீட்டு பழைமையானது. ஒவ்வொருவரும் கட்டும் பணம் முறைப்படி ஒவ்வொருவருக்கும் போய்ச் சேரும். வட்டி வெளியே செல்வதில்லை. போருக்குப் பின் வடக்குக் கிழக்கிற் பரவிய நுண்கடன் நிறுவனங்கள் இந்நம்பிக்கையையே பிணையாக்கின. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்றனர். ஒருத்தி தவணை தவறியபோது அவள் வாயிலில் நின்று கேட்டவர் நிறுவனத்தார் மட்டுமல்லர். பக்கத்து வீட்டுப் பெண்களும் கேட்க நேர்ந்தது. கூட்டுணர்வு அற்றுப்போயிருந்தால் அதனைப் பிணையாக்கவும் முடிந்திராது. அது இன்றும் உண்டு. ஆனால் யாருடைய நலனுக்குப் பயன்படுகின்றது என்பதே வினா.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் கொள்ளும் கருத்து இதுவாகும். கூட்டுணர்வு ஒருகாலத்தில் முழுமையாக இருந்து பின்னர் தேய்ந்த பொருளன்று. ஒவ்வொரு காலத்திலும் அது ஒரு தேவையினின்றும் எழுந்து, ஒரு நிறுவனத்தில் வடிவங்கொண்டு, ஓர் எல்லையையும் வகுத்து நின்றது. துலா அதன் ஒரு வடிவம். சனசமூக நிலையம் மற்றொன்று. இழந்ததை எண்ணி ஏங்குவோர் அவ்வெல்லைக்கு உள்ளே இருந்தவர்கள். வெளியே நின்றவரின் நினைவு வேறானது.

எனவே, மதில்களை இடித்துக் கிடுகுவேலி கட்டுவதால் அயல் மீளாது. இன்றைய பொதுத் தேவைகள் வேறானவை. நிலத்தடி நீர் குறைகின்றது, கிணறுகள் மாசடைகின்றன, முதியோர் தனித்து வாழ்கின்றனர், கடன் வீடுகளை அழிக்கின்றது. நிலத்தின் கீழுள்ள நீர் மதிலை அறியாது. ஒருவர் அளவின்றி இறைத்தால் அடுத்தவர் கிணறு உவர்க்கும். துலாவின் காலத்திற்போல், நீர் மீண்டும் எம்மை ஒருவரையொருவர் தங்கியிருப்போராக்கியுள்ளது. வாசிகசாலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் இன்றும் எம்மிடையே உள்ளன. அவற்றின் அங்கத்துவ ஏடு குறிச்சியையும் சாதியையும் மதத்தையும் கடந்து திறக்கப்படுமாயின், பழைய கிணற்றடி வழங்க மறுத்ததை அவை வழங்கக்கூடும். அயலவர் யார் என்னும் வினாவுக்கு ஒவ்வொரு தலைமுறையும் தானே விடையளிக்க வேண்டியிருக்கின்றது என்பதே எமது துணிபு.