55இல் எழுந்தது நிற்கிறது, 76இல் எழுந்தது எங்கே?

"பழைய அலுவலகக் கட்டடங்களை இடித்துவிட்டு வானளாவிய கோபுரங்களைக் கட்டுவது வளர்ச்சியா, இழப்பா?" இதுதான் இன்றைய கருத்தரங்கின் கேள்வி. வளர்ச்சிதான் என்று ஒரு தரப்பும் இழப்புதான் என்று ஒரு தரப்பும் பேசியாகிவிட்டது. நான் எந்தத் தரப்பிலும் சேரப்போவதில்லை. சிங்கப்பூரின் மத்திய வர்த்தக வட்டாரத்தில் பத்து நிமிடம் என்னோடு நடந்து வாருங்கள். அங்கே எனக்கு ஒரு புதிர் காத்திருந்தது. அதை உங்கள் முன் வைக்கிறேன்.

நடையைத் தொடங்கும் இடம் ஃபின்லேசன் கிரீன். அங்கே நிற்கிறது ஏஷியா இன்சூரன்ஸ் கட்டடம். கட்டடக் கலைஞர் இங் கெங் சியாங் வடிவமைத்தது. 18 மாடி. 1955இல் திறக்கப்பட்டபோது தென்கிழக்காசியாவின் ஆக உயரமான கட்டடங்களில் ஒன்று. இன்று சுற்றியுள்ள கோபுரங்களுக்கு நடுவே தாத்தாவைப்போல் சிறுத்து நிற்கிறது. ஆனாலும் நிற்கிறது.

அங்கிருந்து ராபின்சன் ரோட்டில் தஞ்சோங் பகார் பக்கமாக நடந்தால் 79ஆம் எண் வரும். அங்கே இருந்ததுதான் மத்திய சேமநிதிக் கட்டடம். 1976இல் கட்டி முடிக்கப்பட்டது. 46 மாடி, 171 மீட்டர் உயரம். 2015இல் 550 மில்லியன் வெள்ளிக்கு விற்கப்பட்டது. 2017இல் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் 2020இல் ஒரு புதிய அலுவலகக் கோபுரம் எழுந்தது.

புதிர் இதுதான். 55இல் திறக்கப்பட்ட தாத்தா நிற்கிறார். 76இல் வந்த பேரன் போய்விட்டான். வயதுதான் காரணம் என்றால் முதலில் போயிருக்க வேண்டியவர் தாத்தா அல்லவா?

அப்பாவுடன் ஒரு நாள்

மத்திய சேமநிதிக் கட்டடத்தைப் பற்றி எனக்குச் சொந்த நினைவு ஒன்று உண்டு. 2005இல் என் அப்பாவுக்கு 55 வயது நிறைந்தது. கப்பல் பட்டறையில் உழைத்தவர். சேமநிதியில் எடுக்கக்கூடிய பணத்தைப் பற்றி விசாரிக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தீபாவளிக்கு எடுத்த சட்டையை அன்று போட்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் அடையாள அட்டை. வாசலில் ஒரு நிமிடம் நின்று மேலே அண்ணாந்து பார்த்தார். "என் காசும் இதுக்குள்ளதான் இருக்கு" என்று சிரித்தார். கட்டடத்துக்குள் காசு அடுக்கி வைக்கப்படுவதில்லை என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் அப்படிச் சொல்வதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி.

சில ஆண்டுகள் கழித்து, பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகக் கல்வி படித்துக்கொண்டிருந்தேன். பயிற்சிக்காகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினேன். அப்பாவை அந்த வாசலில் நிறுத்தி ஒரு படம் எடுக்க மட்டும் தோன்றவில்லை. கட்டடம் எங்கே போய்விடப்போகிறது என்ற நினைப்பு! இன்று கட்டடமும் இல்லை, அப்பாவும் இல்லை.

சுவரின் வயது அல்ல, மனையின் கணக்கு

புதிருக்கு வருவோம். ஓர் அலுவலகக் கட்டடம் எப்போது சாகிறது? சுவர் விரிசல் விடும்போது அல்ல. கட்டடத்தைவிட அது நிற்கும் மனைக்கு அதிக மதிப்பு வந்துவிடும்போது.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. போருக்குப் பின் 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பழைய கட்டடங்களின் வாடகை உறைந்துபோனது. குடியிருந்தவர்களுக்கு அது பாதுகாப்பு. ஆனால் வாடகை ஏறாத கட்டடத்தைப் பழுதுபார்க்க எந்த உரிமையாளருக்குத்தான் மனம் வரும்? நகரின் நடுப்பகுதி அப்படியே தேங்கி நின்றது. 1967இல் அரசாங்க நில விற்பனைத் திட்டம் தொடங்கியது. 1969இல் நிறைவேறிய ஒரு தனிச் சட்டம், ராஃபிள்ஸ் பிளேஸ் வட்டாரத்தில் உரிமையாளர்கள் தங்கள் இடங்களை மீட்டு மறுபடி கட்ட வழி திறந்தது. வரைபடத்தில் காலணி வடிவில் தெரிந்ததால் அந்த வட்டாரத்துக்கு 'கோல்டன் ஷூ', அதாவது தங்கக் காலணி என்று பெயர். ஷென்டன் வேயும் ராபின்சன் ரோடும் உயர்ந்தது அந்தக் காலத்தில்தான்.

அந்தக் கோபுரங்களுக்கும் ஒரு நாள் முதுமை வந்தது. 1970களில் கட்டியவற்றில் தளம் சிறியது, கூரை தாழ்வு, நடுவே தூண்கள். இன்றைய வங்கியோ தொழில்நுட்ப நிறுவனமோ கேட்பது தூண்கள் குறுக்கிடாத அகலமான தளம், கம்பிவடங்கள் ஓட இடம், வேகமான மின்தூக்கி. ஒரு வேடிக்கை பாருங்கள். 79 ராபின்சன் ரோட்டில் பழையதற்கு 46 மாடி, புதியதற்கு 29 மாடிதான். மாடி குறைந்தும் புதியது வென்றது. ஆக, இது உயரத்தின் போட்டி மட்டும் அல்ல. ஒரு மனை எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்ற போட்டி.

ஷென்டன் வேயில் 1973இல் எழுந்த 40 மாடி யுஐசி கட்டடமும் போனது. அங்கே 2017இல் ஓர் அலுவலகக் கோபுரமும் ஒரு குடியிருப்புக் கோபுரமும் வந்தன. 1986இல் கருவூலக் கட்டடமாகத் திறக்கப்பட்டு, பின்னர் ஆக்ஸா டவர் எனப் பெயர் பெற்ற 52 மாடிக் கட்டடத்துக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதன் இடத்துக்குத் திட்டமிடப்பட்ட கோபுரத்தின் உயரம் 305 மீட்டர். பழைய அலுவலகங்களை வீடும் விடுதியும் கலந்த கட்டடங்களாக மாற்ற முன்வருவோருக்குக் கூடுதல் தளப்பரப்பு தரும் ஊக்கத் திட்டத்தை நகர மறுசீரமைப்பு ஆணையம் 2019இல் அறிவித்தது. இரவில் வெறிச்சோடும் வட்டாரத்தில் மக்கள் குடியிருக்க வேண்டும் என்ற நோக்கம் நல்ல நோக்கம்தான்.

ஒரே மனையில் இது திரும்பத் திரும்ப நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் கோலியர் கீக்குப் போகலாம். அங்கே முதல் ஓஷன் கட்டடம் எழுந்தது 1866இல். இரண்டாவது 1923இல். மூன்றாவது 1974இல், 28 மாடி. நான்காவதாக 2011இல் ஓஷன் ஃபைனான்ஷியல் சென்டர், 43 மாடி. ஒவ்வொன்றும் திறப்பு விழா நாளில் 'நவீனம்' என்றுதான் பெயர் வாங்கியிருக்கும்.

தாத்தா எப்படித் தப்பினார்?

அப்படியானால் ஏஷியா இன்சூரன்ஸ் கட்டடம் மட்டும் எப்படி நிற்கிறது? அதற்கு வேறொரு வேலை கிடைத்தது. சிறிய தளம் பெரிய வங்கிக்கு ஆகாது. ஆனால் சன்னலோரம் அறைகள் வேண்டிய தங்குவிடுதிக்கு அதுவே வசதி. 2006இல் அஸ்காட் நிறுவனம் வாங்கியது. 2007இல் அது பாதுகாக்கப்படும் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. 2008இல் சேவை அடுக்ககமாகத் திறக்கப்பட்டது. சுவரைக் காப்பாற்றியது பரிதாபம் அல்ல, பயன்.

ஆர்ச்சர்ட் ரோட்டின் மெக்டோனல்ட் ஹவுஸ் தப்பியது வேறு விதம். 1949இல் திறக்கப்பட்ட 10 மாடிச் செங்கல் கட்டடம். 1965 மார்ச் 10ஆம் தேதி, இந்தோனேசிய எதிர்ப்புக் காலத்தில் அங்கே குண்டு வெடித்து மூவர் உயிரிழந்தனர். 2003இல் அது தேசிய நினைவுச்சின்னமானது. அங்கே நினைவு ஒரு காவல்காரனாக நின்றது. சட்டம் அதன் கையில் கோலைக் கொடுத்தது.

ஆக, பயன், சட்டம், நினைவு. இந்த மூன்றில் ஒன்றாவது துணை நின்றால் கட்டடம் பிழைக்கிறது. மூன்றும் இல்லாவிட்டால்?

வாசல் தெரியவில்லை

அதற்குப் பதில் நம் சமூகத்திடமே இருக்கிறது. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. நீளமான கூடம், ஒவ்வொரு தொழிலுக்கும் சில அடி இடம், ஒரு கைப்பெட்டி, ஒரு தாழ்வான மேசை, சுவரோரம் இரும்புப் பெட்டிகள். பகலில் அலுவலகம், இரவில் படுக்கை. வங்கியின் கதவு எட்டாத சிறு வணிகர்களுக்கு அங்கே கடன் கிடைத்தது. தமிழர்கள் இந்நாட்டின் பொருளாதாரத்தில் எழுதிய ஒரு முழு அத்தியாயம் அந்தத் தெருவில் நடந்தது.

நகரச் சீரமைப்பில் கிட்டங்கிகள் மறைந்தன. அந்தத் தெருவில் 1984இல் கோல்டன் ஷூ கார் நிறுத்துமிடம் வந்தது. அதுவும் 2017இல் மூடப்பட்டது. 2021இல் அங்கே கேப்பிட்டாஸ்பிரிங் எழுந்தது. 51 மாடி, 280 மீட்டர். நடுமாடிகளில் தோட்டம், கீழே உணவங்காடி. அழகான கட்டடம், மறுக்கவில்லை.

கார் நிறுத்துமிடம் மூடப்படுவதற்குச் சில நாள் முன்பு, சிறு வயதில் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக வேலை பார்த்த ஒரு பெரியவரை அங்கே அழைத்துப் போனேன். எண்பதை நெருங்கிய வயது. "ஐயா, உங்கள் கிட்டங்கி எங்கே இருந்தது, காட்டுங்களேன்" என்றேன். தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக இரண்டு முறை நடந்தார். பிறகு என் தோளில் கையை வைத்து, "தெரு தெரியுது தம்பி, வாசல்தான் தெரியல" என்றார். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கிட்டங்கிகளைக் காப்பாற்றியிருக்க முடியுமா? லிட்டில் இந்தியாவும் சைனாடவுனும் பாதுகாப்பு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டதே 1989இல்தான். அதற்குள் மார்க்கெட் ஸ்திரீட் மாறிவிட்டது. சட்டம் தாமதமாக வந்தது என்று சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு கிட்டங்கியையும் உள்ளும் புறமும் படமெடுக்க, அங்கே இருந்தவர்களின் பேச்சைப் பதிவு செய்ய எந்தச் சட்டம் தேவைப்பட்டது? வாய்மொழி வரலாற்றுப் பணி இங்கே 1979இல் தொடங்கியது. அங்கே போய்ப் பேசியவர்களால்தான் இன்று நமக்கு இவ்வளவாவது தெரிகிறது. பேசாமல் போனவர்கள் அதைவிட அதிகம்.

இடிப்பதா, வேண்டாமா என்ற முடிவு பெரும்பாலும் நம் கையில் இல்லை. மனையின் கணக்குப் போடுபவர்கள் வேறு. நினைவின் கணக்கு மட்டும் நம் கையில் இருக்கிறது. இரண்டு வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். கட்டட உரிமையாளர்களுக்கு ஒன்று: தடுப்புப் பலகை வைப்பதற்கு முன், அங்கே வேலை பார்த்த துப்புரவாளர், காவலாளி, எழுத்தர் ஆகியோரின் நினைவுகளையும் பதிவு செய்யுங்கள். புதிய கட்டடத்தின் முகப்பில், அங்கே முன்பு என்ன இருந்தது என்று நான்கு மொழிகளிலும் எழுதி வையுங்கள்.

நேயர்களுக்கு ஒன்று: இந்த வார இறுதியில் உங்கள் அப்பாவையோ அம்மாவையோ அவர்கள் வேலை பார்த்த கட்டடத்துக்கு அழைத்துப் போங்கள். வாசலில் நிறுத்தி ஒரு படம் எடுங்கள். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நான் அப்படித்தான் தள்ளிப்போட்டேன்.