கொங்குத் தமிழ் இடுகைகளை நிரல்வழி வாசித்தலும் பதிப்பித்தலும்

1. பொருளும் எல்லையும்

கோவையைச் சேர்ந்த காசி ஆறுமுகம் 2004 ஆகஸ்டில் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். ஆளுக்கொரு மூலையில் எழுதிக்கொண்டிருந்தவர்களின் வலைப்பதிவு ஓடைகளை (ஃபீட்) ஒரு நிரல் படித்துக்கொண்டே இருக்கும். புதிய இடுகை கிடைத்ததும் அதன் தலைப்பையும் தொடக்க வரிகளையும் பொதுப் பக்கத்தில் சேர்க்கும். பின்னாளில் தமிழ் மீடியா இன்டர்நேஷனல் என்ற அமைப்பு அதை ஏற்று நடத்தியது. தமிழில் எழுதுபவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ள அந்தத் திரட்டி செய்த உதவி பெரிது.

திரட்டி செய்த வேலையை இன்று ஒரு தனியாளும் செய்யலாம். நிரலாளர்கள் லைப்ரரி என்றழைக்கும் ஆயத்த நிரல் தொகுதிகள் பைத்தான், பிஎச்பி போன்ற மொழிகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. கொங்கு வட்டார இடுகைகளை வாசிக்கவும் பதிக்கவும் அவற்றைப் பயன்படுத்துவோர் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இணைய நெறிமுறைகளின் சிக்கலை லைப்ரரிகள் நன்றாகவே தீர்த்துவிட்டன. தமிழ் எழுத்தின் சிக்கலை அவை நம்மிடமே விட்டுவிட்டன.

2. வாசித்தல்

ஓடைக்கு இரண்டு வடிவங்கள் நிலைத்துள்ளன. ஆர்எஸ்எஸ் 2.0 வெளிவந்தது 2002-இல். ஆட்டம் 2005 டிசம்பரில் தரமாயிற்று. ஒன்றில் தேதி ஒரு பெயரில் இருக்கும், மற்றதில் வேறு பெயரில். மார்க் பில்கிரிம் உருவாக்கிய ஃபீட்பார்சர் என்ற பைத்தான் லைப்ரரி இந்த வேறுபாடுகளை மறைத்து, தலைப்பு, சுட்டி, தேதி, உள்ளடக்கம் என ஒரே சீராகக் கொடுக்கும். ஓடையின் அமைப்பு பிழையாக இருந்தால் அதைக் குறித்துக் காட்டிவிட்டு, முடிந்தவரை படித்தும் தரும். முன்பு பார்த்த பிறகு ஏதும் மாறவில்லையென்றால் வழங்கி அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் வசதியும் உண்டு. அடிக்கடி போய்ப் பார்க்கும் நிரல் இதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும்; பிறர் செலவில் இயங்கும் வழங்கியை வீணாகத் தொந்தரவு செய்யலாகாது.

ஓடையில் முழு வலைப்பதிவும் வராது. இயல்பான அமைப்பில் வேர்ட்பிரஸ் கடைசி 10 இடுகைகளையும் பிளாகர் 25 இடுகைகளையும்தான் தரும். பழையவை வேண்டுமானால் பக்கம் பக்கமாகப் பின்னோக்கிக் கேட்க வேண்டும். பாதுகாக்கும் நோக்கத்தோடு இறங்குபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

3. எழுத்தின் நிலை

3.1. கோவை, கொங்கு, ஈரோடு, பொள்ளாச்சி ஆகிய நான்கு சொற்களிலும் ஒகர அல்லது ஓகார உயிர்மெய் இருக்கிறது. யூனிகோடில் இந்த எழுத்துகளை இரண்டு விதமாக எழுதலாம். 'கொ' என்பது மெய்க்குப் பின் ஒரே குறியாகவும் இருக்கலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரு குறிகளாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ அவை இரு வேறு சரங்கள். ஒரு வடிவில் 'கொங்கு' என்று தேடினால் மற்ற வடிவில் எழுதிய இடுகை அகப்படாது. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் விடுபட்டதே தெரியாமல் போய்விடும்.

இதற்கு மருந்து எளிது. வாசித்த உரையையும் தேடும் சொல்லையும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்துக்கு உட்படுத்தினால் இரண்டும் ஒரே வடிவுக்கு வரும். பைத்தானோடு வரும் யூனிகோடுடேட்டா தொகுதி இதை ஒரே வரியில் செய்யும். ஆனால் காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டியிருந்தாலோ, ஔகாரக் குறியின் பின்பாதிக்கு ளகரத்தைப் போட்டிருந்தாலோ இயல்பாக்கம் உதவாது. அவற்றுக்குச் சொற்பட்டியலும் மனிதக் கண்ணும் வேண்டும்.

3.2. எண்ணுவதிலும் இதே தொல்லை. 'கோயம்புத்தூர்' நமக்கு 7 எழுத்து. பைத்தான் 13 என்று எண்ணும். 'கோ'வைப் பிரித்துத் தட்டியிருந்தால் 14. முன்னோட்டத்துக்காக உரையை இத்தனை எழுத்து என்று வெட்டும் நிரல், உயிர்க்குறியைத் துண்டித்து 'கோ'வைக் 'க'வாக்கி நிறுத்திவிடும். ஓப்பன்-தமிழ் என்ற திறமூல லைப்ரரி எழுத்துகளை நாம் எண்ணும் முறையிலேயே பிரித்துத் தருகிறது. தமிழ் உரையை வெட்டும் எந்த நிரலும் அது இல்லாமல் இயங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

3.3. 2010 ஜூன் 23 அன்று கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கியது. அதே நாளில் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆனால் அதற்கு முன்பே டிஸ்கி, டாப், டாம் குறியாக்கங்களில் எழுதிக் குவித்தவை அப்படியேதான் இருந்தன. அத்தகைய பக்கங்களைப் படிக்கும் நிரல் முதலில் குறியாக்கத்தை அறிந்து மாற்றிக்கொள்ள வேண்டும். மூலத்தையும் அழிக்காமல் தனியே வைத்திருக்க வேண்டும். மாற்றத்தில் நேரும் பிழை பல ஆண்டுகள் கழித்துக்கூடக் கண்ணில் படலாம்.

3.4. இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்பதற்கு வட்டாரச் சொற்களே சான்று. பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-இல் வெளிவந்தது. அதற்குப் பின் எழுதப்பட்ட இடுகைகளில் பொடக்காலி, ஒட்டுக்கா, அக்கட்ட போன்ற சொற்கள் இயல்பான வாக்கியங்களில் எப்படிப் புழங்குகின்றன என்று தேடித் தொகுக்க முடியும். அகராதிக்காரர் ஊர் ஊராக நடந்து கேட்டதற்கு இது ஈடாகாதுதான். எனினும் தேதியோடும் சூழலோடும் கிடைக்கும் சான்று இது. இயல்பாக்காத தேடலில் 'பொடக்காலி' வரும் இடுகைகளில் ஒரு பகுதி காணாமல் போகும். பிழைதிருத்தியை இடையில் நுழைத்தாலோ 'வாரனுங்க' என்று எழுதியதை 'வருகிறேன்' என்று மாற்றும் விபரீதமும் நேரலாம். வட்டார உரைக்குத் தானியங்கித் திருத்தத்தை முழுதாக விலக்க வேண்டும்.

4. பதிப்பித்தல்

பொது ஓடையை வாசிக்க யாரிடமும் அனுமதிச்சீட்டு வேண்டாம், எழுத வேண்டும். பிளாகரில் இடுகை சேர்க்க ஓஆத் என்ற அனுமதி நெறிமுறை வழியே பதிவரின் ஒப்புதல் தேவை. வேர்ட்பிரஸில் 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பு முதல் ரெஸ்ட் ஏபிஐ என்ற நிரல் இடைமுகம் வழியே இடுகை சேர்க்கலாம். இரண்டிலும் வரைவாகச் சேமிக்கும் வழி உண்டு. நிரல் வரைவோடு நின்றுகொள்ளட்டும், வெளியிடும் பொத்தானை எழுதியவரே அழுத்தட்டும் என்பேன்.

இடுகை சேர்ந்த பின் விடை வருவதற்குள் இணைப்பு அறுந்தால், நிரல் தோல்வி என்று எண்ணி மறுபடி அனுப்பும். ஒரே கட்டுரை இருமுறை வெளியாகும். மறுமுயற்சிக்கு முன் அண்மை இடுகைகளையும் வரைவுகளையும் படித்துப் பார்ப்பதே தீர்வு.

முகவரியில் தமிழுக்கென்றே ஓர் இடர் உண்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 3 பைட். முகவரியில் அது விழுக்காட்டுக் குறியோடு 9 எழுத்தாக நீளும். வேர்ட்பிரஸ் இடுகைப் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 200 எழுத்து. 'கோயம்புத்தூர்' ஒன்றே அதில் 117-ஐ எடுத்துக்கொள்ளும். மீதியில் 9 குறிகள்தான் அடங்கும். பிளாகரோ முழுத் தமிழ்த் தலைப்பைக் கைவிட்டு, 'பிளாக்-போஸ்ட்' என்ற பொதுப்பெயரை இட்டுவிடும். ஆகவே வேர்ட்பிரஸில் குறும்பெயரை நிரலே தனிப் புலத்தில் அனுப்ப வேண்டும். பிளாகரில் அதை எழுதுபவர் வெளியிடும் முன் தம் கையால் அமைக்க வேண்டும்.

5. உரிமை

படிக்கக் கிடைக்கிறது என்பதால் மறுபதிப்புக்கு உரிமை வந்துவிடாது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினர் வலைப்பதிவு எழுத்துகளை மின்னூலாக்கும் முன் எழுதியவரிடம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு இசைவு பெறுகிறார்கள். சேமிக்கும் ஒவ்வோர் இடுகையோடும் எழுதியவர் பெயர், மூல முகவரி, வெளியான தேதி, எடுத்த தேதி, உரிமம் ஆகிய ஐந்தும் நிரலில் கட்டாயப் புலங்களாக இருக்க வேண்டும். உரிமப் புலம் காலியாக இருந்தால் பதிப்பிக்கும் கட்டளை இயங்க மறுக்க வேண்டும். தேடலுக்கு மட்டும் அந்த இடுகை கிடைக்கலாம்.