ஓபஸ் ஆங்கிளிகானம்

லத்தீனில் ‘ஓபஸ்’ என்றால் வேலைப்பாடு; ‘ஆங்கிளிகானம்’ என்றால் இங்கிலாந்தைச் சேர்ந்தது. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியத் தேவாலயங்கள் போட்டி போட்டு வாங்கிய ஆங்கிலப் பூத்தையலின் பெயர் இது. 1295ஆம் ஆண்டின் வத்திக்கான் பொருள் பட்டியலில் இவ்வகைத் துணிகள் நூற்றுக்கு மேல் வருகின்றன.

இடைக்கால உடைகளைத் தாங்களே தைத்து உடுத்தும் பொழுதுபோக்காளர்களில் சிலர் இன்று இப்பெயரைச் சொன்னால், ஒரே ஒரு தையலைத்தான் நினைக்கிறார்கள். அதில் ஜரிகை துணியின் மேல் படிந்திருக்கும். அடியிலிருந்து ஏறும் லினன் நூல் அதை வளைத்துப் பிடித்து, வந்த துளை வழியாகவே கீழே இறங்கும். ஜரிகையும் இம்மியளவு உள்ளே இழுபடும். மேலே கட்டுநூல் கண்ணில் படாது. ஒவ்வொரு துளையும் கீல்போல மடிந்துகொடுப்பதால், அத்தனை தங்கம் ஏறியும் அங்கி விறைக்காது. (தைப்பவரின் விரல்நுனியின் கதி வேறு!)

ஆனால் சொல்லை இந்த ஒரு தையலோடு நிறுத்துவது சரியல்ல. இழையைப் பிளந்து ஊசி ஏற்றும் பட்டுத் தையலும் இதில் அடங்கும். புனிதர்களின் முகங்கள் அதில்தான் உருவாயின. கன்னத்தில் தையல் சுழன்று சுழன்று போகும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள சையன் மேலங்கியில் இவ்வேலைப்பாட்டைக் காணலாம்.