வீட்டுப் படத்தொகுப்பும் கணினித் தேர்வும்

ஒரு குடும்பத்தில் திருமணம் நிகழ்கிறது. தாலி கட்டும் வேளை, பாட்டியார் ஆசி கூறும் காட்சி, பந்தியில் குழந்தைகள் அடிக்கும் கூத்து ஆகிய அனைத்தும் வீடியோவில் பதிவாகின்றன. ஐந்து மணி நேரம் ஓடும் அப்படத்தை எவரும் அமர்ந்து முழுமையாகப் பார்ப்பதில்லை. அதனை அரை மணி நேரமாகச் சுருக்கி, வேண்டாதனவற்றை நீக்கி, வேண்டியவற்றை முறைப்படக் கோத்துத் தருவதே படத்தொகுப்பு. இக்கலை இன்று வீட்டு மேசைக்கே வந்துவிட்டது. ஆயினும், இதற்கு எத்தகைய கணினியை வாங்குவது என்று வினவினால், கடைக்காரர் ஒன்று கூறுவார். நண்பர் வேறொன்று கூறுவார். விளம்பரமோ மூன்றாவது ஒன்றைக் கூறும். இக்குழப்பத்திலிருந்து விடுபட, இத்துறையின் வரலாற்றைத் துணைக்கு அழைப்பதே தக்க வழி என்பது நம் கருத்து.

வீடியோ நாடாவில் படத்தைப் பதிவு செய்யும் யந்திரத்தை ஆம்பெக்ஸ் நிறுவனம் 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்டது. அதன் விலை சுமார் 50,000 டாலர். நாடாவின் அகலம் இரண்டு அங்குலம். அதில் பதிந்துள்ள படம் கண்ணுக்குப் புலப்படாது. எனவே, நுண்ணிய இரும்புத் துகள் கலந்த திரவத்தைத் தடவி, காந்தத் தடங்களை வெளிப்படுத்தி, உருப்பெருக்கியின் வழியே நோக்கி, கூரிய அலகால் நாடாவை வெட்டி ஒட்டினர். ஒரு வெட்டுத் தவறினால் தவறியதுதான். பின்னர் இரண்டு பதிவு யந்திரங்களை இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கும் முறை வழக்கிற்கு வந்தது. இதிலும் இரு குறைகள் இருந்தன. ஒவ்வொரு படியிலும் படத்தின் தெளிவு குன்றியது. நடுவில் ஒரு காட்சியை நீட்டவோ குறைக்கவோ விரும்பினால், அதற்குப் பின்னுள்ள அனைத்தையும் மீண்டும் பதிய வேண்டியிருந்தது.

இக்குறைகளை நீக்கும் பொருட்டே கணினி இத்துறையில் புகுந்தது. 1971-ஆம் ஆண்டில் வெளிவந்த சி.எம்.எக்ஸ். 600 என்னும் யந்திரம், படத்தைக் காந்தத் தட்டுகளில் பதிந்து, விரும்பிய இடத்தை உடனே எடுத்துக் காட்டியது. தொகுப்பாளர் ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டுக் கட்டளையிட்டார். காட்டிய படம் கறுப்பு வெள்ளைதான். விலையோ சுமார் இரண்டரை இலட்சம் டாலர்! கருத்துச் சரியானது, காலந்தான் கனியவில்லை. 1989-இல் மெக்கின்டாஷ் கணினியை அடிப்படையாகக் கொண்டு ஏவிட் நிறுவனத்தின் யந்திரம் விற்பனைக்கு வந்தபோதும், அது ஸ்டுடியோக்களுக்கு உரியதாகவே இருந்தது.

கணினி ஏன் இத்தனை காலம் தடுமாறிற்று? ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில், கணினியில் ஏற்றிய ஒரு படம் 720-க்கு 576 புள்ளிகளால், அதாவது 4,14,720 புள்ளிகளால் ஆனது. புள்ளி ஒன்றுக்கு இரண்டு பைட் எனவும், வினாடிக்கு 25 படங்கள் எனவும் கொண்டால், வினாடி ஒன்றுக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்ட பைட்டுகள் ஓட வேண்டும். ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 75 ஜிகாபைட் இடம் தேவை. 1990-களின் தொடக்கத்தில் இருந்த ஹார்ட் டிஸ்குகள் இந்த வெள்ளத்தைத் தாங்கவில்லை. போதாக்குறைக்கு, வெப்ப மாற்றத்திற்கேற்பத் தம்மைச் சரிசெய்துகொள்ள அவை இடையிடையே சற்று நின்றன. நின்ற கணத்தில் படங்கள் தவறின. ஆகவே, படத்தைச் சுருக்கும் தனி அட்டையும், நில்லாது ஓடும் தனி டிஸ்கும் வாங்க வேண்டியிருந்தது. அக்காலத்தில் கணினி வாங்கியவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, டிஸ்கு தாங்குமா என்பதே.

1995-இல் டி.வி. எனப்படும் டிஜிட்டல் நாடா முறை தோன்றியது. இதில் படத்தைச் சுருக்கும் வேலையைக் காமிராவே செய்தது. வினாடிக்கு இரண்டு கோடி பைட்டாக இருந்த சுமை, ஒலியும் பிறவும் சேர்ந்தே சுமார் 36 இலட்சம் பைட்டாகக் குறைந்தது. அவ்வாண்டிலேயே தரநிலையாக ஏற்கப்பெற்ற ஃபயர்வயர் கம்பி, நாடாவிலிருந்த எண்களை ஒன்றும் குறையாமல் கணினிக்குக் கொணர்ந்தது. விலையுயர்ந்த அட்டைக்குப் பதில் ஓர் எளிய இணைப்பு வாய் போதுமென்றாயிற்று. 1999-ஆம் ஆண்டின் இறுதியில், ஆப்பிள் நிறுவனம் ஐமேக் டி.வி. என்னும் கணினியைத் தொகுப்பு மென்பொருளோடு சேர்த்து 1,299 டாலருக்கு விற்றது. சி.எம்.எக்ஸ். யந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்கு. ஆயினும் அதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு மணி நேர டி.வி. நாடாவிற்கு ஏறக்குறைய 13 ஜிகாபைட் இடம் வேண்டும். அக்கணினியின் டிஸ்கோ 10 ஜிகாபைட்தான்! கதவு திறந்தது, கூடம் போதவில்லை.

இனி வருவதே இவ்வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம். 2006-இல் ஏ.வி.சி.எச்.டி. என்னும் புதிய பதிவு முறை வந்தது. படம் பன்மடங்கு தெளிவாயிற்று. ஆனால் வினாடிக்கு ஓடும் பைட்டுகள் டி.வி. முறையைவிட மிகவில்லை. டிஸ்குக்குப் புதிய சுமை இல்லை என்று மகிழ்ந்து அதனைக் கணினியில் ஏற்றியவர்கள், படம் தத்தித் தத்தி ஓடுவதைக் கண்டு திகைத்தனர். காரணம் யாது? ஒரு மளிகைக் கடையின் கணக்கேட்டை நினைவிற் கொள்வோம். நாள்தோறும் முழு இருப்பையும் எழுதி வைத்தால் ஏடு பெருக்கும். ஆனால் எந்த நாளின் இருப்பையும் உடனே படித்துவிடலாம். வரவு செலவை மட்டும் எழுதி வைத்தால் ஏடு சிறுக்கும்; ஆனால் ஒரு நாளின் இருப்பை அறியப் பல நாட்களின் கணக்கைக் கூட்டிக் கழிக்க வேண்டும். டி.வி. முதல் வகை, ஏ.வி.சி.எச்.டி. இரண்டாம் வகை. இடம் மிச்சமாயிற்று, கூட்டிக் கழிக்கும் பாரம் பிராசசரின் தலையில் விழுந்தது. பெரிய டிஸ்கை மட்டும் நம்பியவர் பணம் வீணாயிற்று.

இதற்கும் மாற்றுக் கண்டனர். 2011-இல் இன்டெல் நிறுவனம், இத்தகைய படங்களை விரிக்கவும் சுருக்கவும் வல்ல தனிப் பகுதியைப் பிராசசருக்குள்ளேயே அமைத்தது. கிராபிக்ஸ் கார்டுகளிலும் அத்தகைய பகுதிகள் இடம்பெற்றன. 2021-இல் ஆப்பிள் தன் சில சில்லுகளில், தொகுப்பாளர்கள் விரும்பும் புரோரெஸ் முறைக்கெனவே தனிப் பகுதி வைத்தது. ஆகவே, வேகத்தில் ஒத்த இரு கணினிகளுள், நம் காமிராவின் பதிவு முறையை அறிந்த பகுதியுடையது தடையின்றி ஓடும், மற்றது திணறும்.

இவ்வரலாறு புகட்டும் பாடம் ஒன்றே. நெருக்கடி ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. நேற்றைய நெருக்கடிக்குப் பரிகாரமாக இன்று பணம் செலவழிப்பது பேதைமை. டில்லி நேரு பிளேசிலோ, தம் ஊர்க் கடையிலோ கணினி வாங்கச் செல்வோர், முதலில் தம் காமிராவோ கைப்பேசியோ எம்முறையில் பதிகிறது என்று அறிதல் வேண்டும். அம்முறையை விரிக்கும் பகுதி சில்லில் உண்டா என்பது இரண்டாவது கேள்வி. இன்றைய 4கே படம் ஒன்றில் 82,94,400 புள்ளிகள் உள்ளன, பழைய டி.வி. படத்தைப்போல் சரியாக இருபது மடங்கு. ஆதலின் ராம் 16 ஜிகாபைட்டிற்குக் குறைதல் கூடாது. 32 இருப்பின் நன்று. தொகுக்கும் வேலைக்கு எஸ்.எஸ்.டி.யும், சேமித்து வைக்க மலிவான பெரிய ஹார்ட் டிஸ்கும் ஏற்றவை. இவ்வளவிற்கும் பணம் போதாதெனில், படத்தின் சிறிய நகலை வைத்துத் தொகுத்து, இறுதியில் மூலத்தைப் பொருத்தும் வழி உண்டு. பொறுமையுடையார்க்குச் சாதாரணக் கணினியும் கைகொடுக்கும்.

முடிவாக ஒன்று. வி.எச்.எஸ். பதிவு யந்திரம் தயாரித்து வந்த ஜப்பானிய நிறுவனமாகிய ஃபுனாய், 2016-இல் அத்தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஃபயர்வயர் வாயும் புதிய கணினிகளில் காணப்படுவதில்லை. ஆனால் பழைய நாடாக்கள் இன்னும் எத்தனையோ வீடுகளின் அலமாரிகளில் உறங்குகின்றன. காந்தப் பூச்சு ஆண்டுதோறும் நலிகிறது. அவற்றை ஓட்டும் யந்திரங்களும் அருகி வருகின்றன. புதிய கணினி வந்ததும் பழையதை எடைக்குப் போடுமுன், அதன் பின்புறத்தில் ஃபயர்வயர் வாய் உள்ளதா என்று பாருங்கள். இருப்பின், நாடாக்களை அதன் வழியே ஏற்றி, இரண்டு படிகளாக எடுத்து, வெவ்வேறு இடங்களில் வையுங்கள். யந்திரத்தை எந்நாளும் வாங்கலாம். மறைந்துபோன பாட்டியாரின் குரலை எந்தக் கடையில் வாங்க முடியும்?