மாடு கொண்டுவந்த கிடார், மாடு தின்ற காடு

கிடார் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது தோளில் பட்டையோடு மாட்டிக்கொண்டு வாசிக்கும் சமாச்சாரம்தான். ஆனால் மடியில் படுக்கப் போட்டு வாசிக்கிற கிடார் ஒன்றும் இருக்கிறது. இதில் இடது கை விரல்கள் கம்பியை அழுத்தாது. ஒரு சின்ன இரும்புத் துண்டைக் கம்பிகள் மேல் வைத்து வழுக்கிக்கொண்டே போவார்கள். லாப் ஸ்டீல் கிடார் என்று பெயர். பழைய இந்திப் பாட்டுகளில் ஒரு கிடார் அழுவது போல இழுத்துக்கொண்டு வருமே, அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அது மின்சாரக் கிடார். அதற்கு முன்னால் முழுக்க முழுக்க மரத்தில், கையால் இழைத்து இந்தக் கிடாரைச் செய்தார்கள். அந்த மரம் உலகத்தில் ஒரே ஒரு தீவுக் கூட்டத்தில்தான் இயற்கையாக வளர்கிறது: ஹவாய். இந்தக் கிடாரின் வரலாற்றைப் படித்துக்கொண்டே போனால் ஒரு வினோதம் தெரிகிறது. ஹவாய்க்குக் கிடார் வந்து சேரக் காரணம் மாடுகள். அந்தக் கிடாருக்கான காடு அழியவும் முக்கியக் காரணம் அதே மாடுகள்! எப்படி என்று பார்ப்போம்.

ராஜாவுக்கு வந்த பரிசு

1793-ல் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஹவாய்த் தீவுக்கு வந்தார். மன்னர் முதலாம் கமேஹமேஹாவுக்கு அவர் கொடுத்த பரிசு சில மாடுகள். அதற்கு முன் அந்தத் தீவுகளில் மாடே கிடையாது. மாடுகள் பெருகட்டும் என்று மன்னர் அவற்றைக் கொல்லத் தடை போட்டார். அவர்கள் மொழியில் அந்தத் தடைக்குக் 'கபு' என்று பெயர்.

பெருகின. ரொம்பவே பெருகின. புலி, சிறுத்தை எதுவும் இல்லாத தீவு. அடக்க ஆள் இல்லாத காட்டு மாடுகள் தோட்டங்களை மேய்ந்தன, வேலிகளை உடைத்தன, ஆட்களையும் முட்டின. பிற்பாடு தடை நீங்கியது. மாட்டுத் தோலுக்கும் கொழுப்புக்கும் கப்பல்காரர்களிடம் நல்ல கிராக்கி வந்தது. ஆனால் காட்டு மாட்டைக் கயிறு வீசிப் பிடிக்க ஹவாயில் யாருக்கும் தெரியாது. எனவே மூன்றாம் கமேஹமேஹா 1830களின் தொடக்கத்தில், அப்போது மெக்சிகோவைச் சேர்ந்திருந்த கலிபோர்னியாவிலிருந்து மாட்டுக்காரர்களை வரவழைத்தார். ஸ்பானிய மொழி பேசிய அவர்களை ஹவாய் மக்கள் 'பனியோலோ' என்று அழைத்தார்கள். 'எஸ்பன்யோல்' என்ற சொல்தான் அப்படித் திரிந்தது.

அவர்கள் குதிரையோடும் கயிறோடும் மட்டும் வரவில்லை. கிடாரும் கொண்டு வந்தார்கள். ஹவாய்க்காரர்கள் அதை வாங்கித் தங்கள் காதுக்கு ஏற்ற மாதிரி சில கம்பிகளைத் தளர்த்திச் சுருதி சேர்த்துக்கொண்டார்கள். எந்த இடத்தையும் அழுத்தாமல் ஆறு கம்பிகளையும் ஒரே இழுப்பில் மீட்டினாலே ஒத்திசைவான நாதம் வரும். இந்தத் தளர்ந்த சுருதி இல்லாமல் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

தண்டவாளத்துப் போல்ட்

ஜோசப் கெகுகு 1874-ல் ஓவாஹு தீவின் லாயியே ஊரில் பிறந்தவர். 1889 வாக்கில், 15 வயதுப் பையனாக ரயில் தண்டவாளத்தின் ஓரமாக நடந்துபோகும்போது கீழே கிடந்த ஒரு போல்ட்டை எடுத்தாராம். கையில் இருந்த கிடார் கம்பியில் அது பட்டது. எழுந்த ஓசை அவருக்குப் பிடித்துப்போனது. படித்த பள்ளியின் பட்டறையிலேயே வழவழப்பான இரும்புத் துண்டு ஒன்றைச் செய்துகொண்டு வருஷக்கணக்கில் பழகினார் என்பது கதை. வேறு பெயர்களும் சொல்லப்படுவதுண்டு. அதில் ஒருவர் கேப்ரியல் டேவியன். இந்தியாவில் பிறந்தவர், மாலுமிகளிடம் சிக்கி ஹவாய் வந்து சேர்ந்தவர் என்று அவரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. ஆனால் இந்த வாசிப்பை ஒரு முழுமையான கலையாக்கி ஊர் ஊராகக் கொண்டுபோனவர் கெகுகு என்பதில் தகராறு இல்லை.

அவர் 1904-ல் ஹவாயை விட்டுக் கிளம்பினார். அந்தக் காலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1893-ல் அமெரிக்க, ஐரோப்பிய வியாபாரிகள் சேர்ந்து ராணி லிலியுவோகலானியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1896-ல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. 1898-ல் அமெரிக்கா நாட்டையே எடுத்துக்கொண்டது. சொந்த நாடு போய், சொந்த மொழி பள்ளியை விட்டு வெளியே போன தலைமுறை அது. அந்தத் தலைமுறைதான் தங்கள் பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

வீரன் என்று ஒரு மரம்

கிடாரை வாசிக்க ஆள் தயார். மரம்?

மரத்தின் பெயர் கோவா. (நம்ம கடற்கரைக் கோவா இல்லை! ஹவாய் மொழிச் சொல். 'வீரன்' என்றும் அதற்குப் பொருள் உண்டு.) தாவரவியலில் அக்கேசியா கோவா. வேல மரத்துக்கு உறவு. இளம் கன்றில் இலை வேல மரம் போலப் பொடிப்பொடியாக இருக்கும். வளர்ந்தபின் அரிவாள் போல வளைந்த தட்டையான இலைகள் வந்துவிடும். பழங்காலத்து ஹவாய் மக்கள் பெரிய கோவா அடிமரங்களைக் குடைந்துதான் கடலோடும் படகுகளைச் செய்தார்கள்.

அதை வாத்தியமாக்கியவர்கள் போர்ச்சுகீசியத் தச்சர்கள். 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பலில் மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்கள் வந்தார்கள். அதில் மானுவல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சான்டோ என்று மூன்று மரவேலைக்காரர்கள் இருந்தார்கள். தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் ஹொனலூலுவில் பட்டறை போட்டார்கள். தங்கள் ஊரின் சின்ன நான்கு கம்பி வாத்தியத்தைக் கையில் கிடைத்த கோவா மரத்தில் செய்தார்கள். அதுதான் உகுலேலே.

ஐரோப்பியக் கிடார்களில் மேல்பலகைக்கு லேசான ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸைப் போடுவது வழக்கம். கோவா அதைவிடக் கனமானது. காய்ந்த மரம் கன மீட்டருக்குச் சுமார் 600 கிலோ வரும். இவ்வளவு கனமான மரத்தை மேல்பலகைக்குப் போட்டால் ஓசை மழுங்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் மெலிதாக இழைத்தால் அதற்கென்று ஒரு இனிமையான நாதம் வருகிறது. அலை அலையான தங்கப் பழுப்பு ரேகையும் பார்க்கக் கண்கொள்ளாது.

வைசன்போர்னின் பட்டறை

1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் பனாமா பசிபிக் கண்காட்சி நடந்தது. 1.8 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோனார்கள். ஹவாய் அரங்கில் தினமும் கச்சேரி. அமெரிக்கா முழுவதும் ஹவாய் இசைப் பைத்தியம் பிடித்தது. எல்லோருக்கும் மடியில் போடும் கிடார் வேண்டும்.

சாதாரணக் கிடாரையே படுக்கப் போட்டு வாசிக்கலாம்தான். கம்பிகளைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். ஆனால் ஓசை போதாது. நார்வேயிலிருந்து குடியேறிய கிறிஸ் நுட்சன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். நின்று வாசிக்கும் கிடாரில் கழுத்தை இடது கை சுற்றிப் பிடிக்க வேண்டும். அதனால் கழுத்து ஒல்லியாக, கெட்டி மரமாக இருக்க வேண்டும். மடியில் போடும் கிடாரில் யாரும் கழுத்தைப் பிடிப்பதே இல்லை. அப்புறம் அது ஏன் கெட்டியாக இருக்க வேண்டும்? உடம்பை அப்படியே நீட்டிக் கழுத்தையும் உள்ளே காலியாக விட்டால் தலை வரைக்கும் காற்றறை கிடைக்குமே!

இந்த யோசனையைச் செம்மையாக்கியவர் ஹெர்மன் வைசன்போர்ன். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1910 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸில் வாத்தியம் பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். 1920களில் அவர் செய்த கிடார்கள் 1 முதல் 4 வரை நான்கு ரகம். மரம் பெரும்பாலும் நான்கிலும் கோவாதான். அலங்காரம்தான் கூடிக்கொண்டே போகும். நான்காம் ரகத்தில் ஓரம் முழுக்கக் கயிறு முறுக்கிய மாதிரி மரப் பட்டை பதித்திருக்கும்.

இன்றும் கையால் செய்பவர்கள் கிட்டத்தட்ட இதே வழியில்தான் செய்கிறார்கள். நன்றாகக் காய்ந்த பலகையைப் புத்தகத்தைத் திறப்பது போல இரண்டாகப் பிளந்து பக்கம் பக்கமாக ஒட்டினால் ரேகை இரு பக்கமும் கண்ணாடி பிம்பம் மாதிரி அமையும். அதைச் சுமார் 2.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை இழைக்க வேண்டும். தட்டிப் பார்த்து, காதால் கேட்டு, இன்னும் கொஞ்சம் இழைப்பது. பக்கப் பலகைகளை நனைத்துச் சூடான இரும்புக் குழாய் மேல் வைத்து மெதுவாக வளைப்பது. அவசரப்பட்டால் படக்கென்று முறியும். மேல்பலகையின் உள்பக்கம் பெருக்கல் குறி மாதிரி இரண்டு மரச்சட்டங்கள். இவை பலமாக இருந்தால் நாதம் செத்துப்போகும்; மெலிந்தால் கம்பிகளின் இழுப்பில் பலகை உப்பிவிடும். கம்பிகளை விரல்பலகைக்கு மேலே நன்றாகத் தூக்கி நிறுத்துவார்கள். வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் தேவையில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று கண்ணுக்குக் காட்டப் பலகைக்குச் சமமாக இழைத்த கோடுகள் போதும்.

மின்சாரம் வந்தது

அரங்குகள் பெரிதாயின. கூட வாசிக்கும் ஊதல் வாத்தியங்களுக்கு நடுவில் மரக்கிடார் கேட்கவில்லை. 1927-ல் நேஷனல் நிறுவனம் உலோக உடம்புக் கிடாரைக் கொண்டு வந்தது. 1931-ல் ஜார்ஜ் போஷாம்ப் முன்மாதிரி செய்து, அடுத்த வருஷம் ரிக்கன்பேக்கர் பெயரோடு இணைந்து விற்பனைக்கு வந்தது 'வாணலி' என்ற செல்லப்பெயர் கொண்ட கிடார். உலகில் கடைக்கு வந்த முதல் வெற்றிகரமான மின்சாரக் கிடார் அதுதான். அதுவும் ஒரு லாப் ஸ்டீல்! ராக் இசையின் மின்சாரக் கிடாருக்கு முன்னோடி ஹவாய் மடிக் கிடார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? உடம்பு வார்த்த அலுமினியம். நாதம் காந்தத்திலிருந்து வந்தது. வைசன்போர்ன் 1930களின் பிற்பகுதியில் இறந்தபோது அவருடைய மரக்கிடாருக்கு மவுசு போயிருந்தது. பல வருஷம் கழித்து டேவிட் லிண்ட்லி, பென் ஹார்ப்பர் போன்றவர்கள் மேடையில் வாசித்தபின் மறுபடி தேட ஆரம்பித்தார்கள்.

திரும்பி வந்தபோது மரம் இல்லை

கிடாருக்கு மவுசு திரும்பியது. ஆனால் காடு?

மாடுகளை மறந்துவிடவில்லையே! கோவாக் கன்று மாட்டுக்கு ரொம்பப் பிடித்த தீனி. வேரிலிருந்து வரும் துளிரையும் விடாது. பெரிய மரங்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. பார்த்தால் காடு மாதிரியே தெரியும். ஆனால் அடியில் ஒரு கன்று கூட இல்லை. கிழ மரம் ஒவ்வொன்றாக விழ விழ அந்த இடம் புல்வெளியானது. போதாததற்கு மேய்ச்சல் நிலத்துக்காகவும் மரச்சாமான்களுக்காகவும் வெட்டினார்கள். குழந்தைகளே பிறக்காத ஊர் எத்தனை நாள் ஊராக இருக்கும்?

1985-ல் மவுனா கேயா மலைச்சரிவில் ஹகலாவ் வனச் சரணாலயம் அமைக்கப்பட்டது. பழைய மேய்ச்சல் நிலத்தில் வேலி போட்டு மாடுகளையும் காட்டுப் பன்றிகளையும் விரட்டி, லட்சக்கணக்கில் நாட்டு மரக் கன்றுகளை நட்டார்கள். பெரும்பங்கு கோவா. வாடல் நோயைத் தாங்கும் விதைகளையும் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள். கிடார்க்காரர்களும் இறங்கியிருக்கிறார்கள். டெய்லர் கிடார்ஸும் பசிபிக் ரிம் டோன்வுட்ஸும் சேர்ந்து 2015-ல் கோவா மரத்துக்காக ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? பனியோலோ! மாட்டுக்காரன் பெயரிலேயே மரத்துக்கு ஒரு நிறுவனம் :)

நாட்டு மரம் என்றால் எது?

கோவா கிடைப்பது அரிதானதும் மற்ற நாட்டுக்காரர்கள் தங்கள் காட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். இதில் ஆஸ்திரேலியா முன்னோடி. அங்கே 1946-ல் தொடங்கிய மேட்டன் நிறுவனம் முதற்கொண்டு உள்ளூர் மரத்தில் கிடார் செய்யும் பழக்கம் உண்டு. மடிக் கிடார் செய்பவர்கள் அங்கே விரும்பி எடுப்பது பிளாக்வுட். அதுவும் அக்கேசியாதான், கோவாவுக்கு நெருங்கிய சொந்தம். நாதமும் நிறமும் கிட்டத்தட்ட அதே ஜாடை.

இதே பிளாக்வுட் நம்ம நீலகிரியிலும் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் கொண்டு வந்து வைத்தது. அதோடு வந்த சீகை மரமும் கற்பூர மரமும் சோலைக்காட்டையும் புல்வெளியையும் எப்படி மூடிவிட்டன என்பது ஊட்டிப் பக்கம் உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டாஸ்மேனியாவில் நாட்டு மரம். இங்கே அந்நிய மரம்.

அப்படியென்றால் நம் நாட்டு மரம்? பலா! தஞ்சாவூர் வீணையும், மெட்டே இல்லாமல் தண்டியின் மேல் கட்டையை வழுக்கி வாசிக்கும் கோட்டு வாத்தியமும் பலா மரத்தில்தான் பிறக்கின்றன. கோட்டு வாத்தியத்துக்கு உருட்டுக்கட்டை பழைய நாளில் கருங்காலி. கெகுகு ஹவாயில் இரும்பை வழுக்கிய அதே காலகட்டத்தில்தான் திருவிடைமருதூர் சகாராம ராவ் இங்கே கோட்டு வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்தார். பண்ருட்டிப் பக்கத்துப் பலாத் தோப்பு இருக்கிறவரை நம் வாத்தியத்துக்குக் கவலை இல்லை. பழத்துக்காகவாவது யாரோ ஒருவர் கன்று வைக்கிறார். கோவாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதில் பழம் பழுக்காது.

ஒரு வாத்தியத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வாசித்தவர் பெயரை எழுதுகிறார்கள். சில சமயம் செய்தவர் பெயரையும் எழுதுகிறார்கள். மரத்தை யார் நட்டார் என்று எழுதுவதில்லை. கோவா விஷயத்தில் 1980கள் வரை பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. காடு தானாக வந்தது, மனிதன் எடுத்தான், மாடு தின்றது. இன்று ஹவாய் மலைச்சரிவில் நடப்படும் ஒரு கன்று, கிடாருக்கு ஏற்ற அகலத்துக்குப் பலகை தர ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும். நடுகிறவர் அந்தக் கிடாரைக் கேட்கப் போவதில்லை. தெரிந்தேதான் நடுகிறார்கள்.